ஒத்து ஊதுகிறவர்களைக் கேட்க விடுங்கள்

டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் உறுப்புக் குழுக்களை நடத்தும் இயக்குநர்களுக்கு,

வணக்கம்.

நான் டெக்சாஸில் வசிக்கிறேன். என் மகன் உங்கள் குழுக்களில் ஒன்றில் இரண்டு கோடையாகக் கான்ட்ரா என்ற பெரிய பித்தளை ஊதுகருவி வாசிக்கிறான். எந்தக் குழு என்று எழுதினால் அவன் என்னோடு பேசமாட்டான், அதனால் எழுதவில்லை. கோபத்தை நிதானமாகச் சொல்ல எனக்குத் தமிழில்தான் வரும். இதை ஆங்கிலமாக்கி உங்களிடம் சேர்ப்பது அவன் பொறுப்பு. பிள்ளையைப் பள்ளி பேண்டில் சேர்த்துவிட்டு, அதற்கு அப்புறம் என்ன என்று தெரியாமல் இருக்கும் தமிழ்ப் பெற்றோரும் இங்கே உண்டு. அவர்களும் படிக்கட்டும்.

அவர்களுக்காக முதலில் ஒரு சிறு விளக்கம். டிரம் கோர் என்றால் பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள், கொடி சுழற்றுபவர்கள். கிளாரினெட், சாக்ஸபோன், புல்லாங்குழல் எதற்கும் இடமில்லை. இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள் மே மாதம் முகாமுக்குப் போய், ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வரை ஊர் ஊராகப் போட்டியிடுவார்கள். இரவில் பேருந்துப் பயணம், தூக்கம் ஏதாவது பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில். இதற்குச் சம்பளம் கிடையாது. நாம்தான் ஆயிரக்கணக்கில் டாலர் கட்ட வேண்டும். "பணமும் கொடுத்து, தரையிலயும் படுக்கணுமா?" என்று என் மனைவி கேட்டாள். இன்னும் பதில் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போட்டிக்கு முன்னால் குழுக்கள் அரங்கத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் அரைவட்டமாக நின்று ஊதிப் பழகும். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. அதைக் கேட்பதற்கென்றே ஒரு கூட்டம் வரும். போன கோடையில் மாயவரத்திலிருந்து வந்திருந்த என் அம்மாவையும் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். கான்ட்ரா என்பது தோளில் தூக்கி வைத்து வாசிக்கும் ட்யூபா, பத்து கிலோவுக்கு மேல் கனம். பதினைந்து பேர் அதை நம் பக்கம் திருப்பிவைத்து நீளமாக ஒரு ஸ்வரம் பிடித்தால் காதுக்கு முன்னால் நெஞ்சுக்குத் தெரியும். அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ஓ, இவன் ஒத்து ஊதறானா?" என்றாள். நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் குழல்தான் ஒத்து. அவள் நாகஸ்வரக் கச்சேரி கேட்டே வளர்ந்தவள். மேலே யார் என்ன வாசித்தாலும், கீழே ஒருவர் மூச்சு விடாமல் சுருதியைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டும் என்பது அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனோம். கூரை போட்ட பெரிய அரங்கம். உச்சக்கட்டம் வந்தது, இருக்கை அதிர்ந்தது, கூட்டம் எழுந்து நின்றது. அம்மா மட்டும் உட்கார்ந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "பையன் அந்த மூலையில நிக்கறான். ஒத்து இந்தப் பக்கத்துலேர்ந்துன்னா வருது?" என்றாள். மைதானத்தின் முன்கோட்டில், மரிம்பா, வைப்ரபோன் போன்ற தட்டி வாசிக்கும் கருவிகளை வைத்திருக்கும் பிட் என்ற பகுதிக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருந்த சப்வூஃபர்களை, அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கிகளைக் காட்டினேன். சின்த் என்ற மின்னணுக் கீபோர்டில் ஒரு விரல் அழுத்திய ஸ்வரம் அது. அம்மாவுக்கு உடனே புரிந்தது: "இங்கயும் ஒத்துக்குப் பதிலா சுருதிப் பெட்டி வந்துடுத்தா?"

அந்தக் கேள்வியைத்தான் உங்களுக்கு அனுப்புகிறேன்.

உங்கள் ரசிகர்கள் இந்த ஒலிக்கு 'கூ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பிசுபிசுப்பு என்று பொருள். பொருத்தமான பெயர்தான். தாழ்ந்த ஒலி பலமாக வரும்போது தனக்கு மேலே இருக்கும் ஒலிகளை மறைக்கும். மேலிருக்கும் ஒலி கீழிருப்பதை அந்த அளவுக்கு மறைப்பதில்லை. நம் காது அப்படித்தான் அமைந்திருக்கிறது. ஆகவே சின்த் பேஸை, அதாவது அதன் தாழ்ந்த ஒலியைக் கூட்டினால் கான்ட்ராக்கள் பலமாகத் தெரியும் என்பது ஏமாற்று. அவர்கள் சப்தம் அதில் கரைந்துபோகும், அதற்கு மேலே ஒலிக்கும் யூபோனியம், பாரிடோன் என்ற நடுத்தரப் பித்தளைக் கருவிகளும் மங்கும். மூடிய அரங்கத்தில் அந்த அதிர்வு சீக்கிரம் அடங்குவதுமில்லை, அடுத்த ஸ்வரத்தின் மேலேயே வழியும். இறுதிப் போட்டி 2009 முதல் நடந்துவரும் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் அரங்கமும் கூரை மூடக்கூடியதுதான்.

என்னைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். எந்த மாற்றத்தையும் எதிர்க்கும் பழைய ரசிகர்களை இங்கே டைனோ என்று கிண்டல் செய்வார்கள். நான் அந்த வகை இல்லை. ஜி சுருதியில் அமைந்த பியூகிள் என்ற பித்தளைக் கருவிதான் ஊத வேண்டும் என்ற கட்டாயம் 2000-இல் போனபோது சிலர் அழுதார்களாம். எனக்கு அதில் துக்கமே இல்லை. 2004-இல் ஒலிபெருக்க அனுமதி வந்ததால் மரிம்பாவை ஆணி அடிப்பதுபோல் அடிக்க வேண்டியதில்லை, மென்மையாக வாசித்தாலே மேல் வரிசைவரை கேட்கிறது. 2014-இல் டிராம்போன் வந்தது, நல்லதுதான். என் தகராறு 2009-இல் வந்த மின்னணுக் கருவிகளோடு, அதிலும் அதன் ஒரு பகுதியோடு மட்டும்.

ஏனென்றால் அதை அழகாகப் பயன்படுத்தியும் காட்டியிருக்கிறீர்கள். ஒஹாயோ மாநிலம் கேன்டனைச் சேர்ந்த புளூகோட்ஸ் 2014-இல் 'டில்ட்' என்ற நிகழ்ச்சியில் ஒரு முழுச் சுருதியையே சாய்த்து வளைத்தார்கள். பித்தளையும் சின்தும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு போவதைக் கேட்கும்போது வயிற்றில் ஊஞ்சல் இறங்குவதுபோல் இருக்கும். நான் காணொளியில்தான் பார்த்தேன், அதற்கே அப்படி. எந்த ஊதுகருவியின் இடத்தையும் பிடுங்காமல், தன்னால் மட்டும் முடிந்ததைச் சின்த் அங்கே செய்தது.

சின்த் வாசிக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்கள் வேலை லேசானது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மகன்தான் திருத்தினான். மைதானத்தின் பின்பகுதியிலிருந்து டிரம் சப்தம் முன்கோட்டுக்கு வர நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். தாளம் காட்டும் நடத்துநரின் கையைப் பார்த்து வாசித்தால் அந்த அளவு முந்திப் போய்விடும். அதனால் பிட்டில் இருப்பவர்கள் கண்ணை விட்டுவிட்டு, பின்னாலிருந்து வரும் சப்தத்தைக் கேட்டே தாளத்தில் சேர வேண்டும். அப்படிக் காதைத் தீட்டிய பிள்ளையிடம் இரண்டு நிமிடம் ஒரே கட்டையை அழுத்திக்கொண்டிரு என்கிறோம். ஒலியைக் கூட்டிக் குறைப்பதோ பெரும்பாலும் ஒலிக் கலவை மேசை முன்னால் இருக்கும் ஆசிரியர். போட்டி பிள்ளைகளுக்கு, கடைசி வார்த்தை பெரியவருக்கு!

இது ஏன் நடக்கிறது என்பதும் தெரியும். நூறு மதிப்பெண்ணில் 40 பொதுத் தாக்கத்துக்கு. நிலம் அதிர்ந்தால் கூட்டம் எழும், கூட்டம் எழுந்தால் மேலே பெட்டியில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கும் ரோமம் சிலிர்க்கும். பக்கத்துக் குழு செய்கிறது, நாம் செய்யாவிட்டால் ஒல்லியாகக் கேட்கும் என்ற பயம் உங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. ஆயுதக் குறைப்பு மாதிரிதான் இது, தனியாக யாரும் முதலில் கீழே வைக்கமாட்டார்கள். விதிமாற்றங்களுக்கு வாக்களிப்பவர்கள் நீங்களே என்பதால்தான் என் மகனின் குழுவுக்கு மட்டும் எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கேட்பது சிறியது. மைதானத்தில் பித்தளை வாசித்துக்கொண்டிருக்கும் அதே ஸ்வரத்தை, அதே நேரத்தில் சின்த் இரட்டிக்கக் கூடாது. அதேபோல, கான்ட்ரா வரிக்குக் கீழே இன்னொரு ஸ்தாயியில் அதையே நிழல்போலத் தொடரவும் கூடாது. இடியோசை, சுருதி வளைவு, மனிதக் குரல், மழைச் சத்தம், கான்ட்ரா ஓய்ந்திருக்கும் இடத்தில் பேஸ் என்று வேறு எதை வேண்டுமானாலும் செய்யுங்கள். உயிருள்ள கிளாரினெட்டுக்குத் தடை, கீபோர்டில் ஒரு வயலின் கூட்டமே வந்து இறங்கினால் தடையில்லை என்ற வேடிக்கையைக்கூட நான் கிளறவில்லை.

ஓப்பன் கிளாஸ் என்ற சிறிய குழுக்களின் பிரிவுக்கு விலக்குக் கொடுங்கள். நாலு கான்ட்ராவை வைத்துக்கொண்டு மைதானத்தை நிரப்பப் பார்க்கும் சின்னக் குழுவுக்கு அந்தக் கீபோர்டு ஊன்றுகோல். வேர்ல்ட் கிளாஸ் என்ற மேல் பிரிவில் பதினைந்து பேரை நிறுத்திவைத்திருப்பவர்களுக்கு அது எதற்கு?

விதி எழுதுவது கடினம், இரட்டிப்பா இல்லையா என்று எப்படித் தீர்ப்பது என்பீர்கள். இசைக்குறிப்பு உங்களிடம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் சின்தை நிறுத்திவிட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். முதல் வருடம் மதிப்பெண் குறைக்காமல், நடுவர்கள் பதிவு செய்யும் கருத்தில் மட்டும் சொன்னால்கூடப் போதும்.

என் மகனிடம் இந்தக் குறையைச் சொன்னபோது அவன் என்னைப்போல் கோபப்படவில்லை. "உள்ளே நின்னா எங்களுக்கே எங்க சத்தம் கேக்காதுப்பா. தப்பா ஊதினாலும் யாருக்கும் தெரியாது" என்று சிரித்தான். மே மாதம் முழுக்க ஒரே ஸ்வரத்தைச் சுருதி சேர்க்க உதடு வீங்கியவன் அவன்.

இந்த ஜூலையிலும் அம்மா வருகிறாள். டிக்கெட் வாங்கட்டுமா என்று கேட்டேன். வண்டி நிறுத்துமிடத்துக்கு மடக்கு நாற்காலி ஒன்று வாங்கிவை என்று சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஒரு கான்ட்ரா வாசிப்பவனின் அப்பா