ஏர் என்றால் மாடு பூட்டுவது என்றே அம்மா நினைத்திருந்தார்

நிலத்தை அளக்கவும், எழுதவும், பதியவும் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தாய்ப்பத்திரம் ஏக்கரிலும் சென்ட்டிலும், பட்டா ஹெக்டேரிலும் ஏரிலும் (ஓர் ஏர் என்பது நூறு சதுர மீட்டர்), மனை சதுர அடியிலும் இருப்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறியவேண்டும் என்பதில்லை. இவற்றுக்கு நடுவே 78 வயதான என் அம்மா மூன்று முறை பதிவு அலுவலகப் படியேறி இறங்கியதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் புஞ்சை, தாத்தா 1962-இல் கிரயம் வாங்கியது. பத்திரத்தில் 1 ஏக்கர் 37 சென்ட். பட்டாவில் 0-55.00, அதாவது 55 ஏர். அதைத் தங்கைக்குத் தான செட்டில்மென்ட்டாக எழுதிவைக்க அம்மா விரும்பினார். பரப்பு ஒத்துவரவில்லை என்று பத்திரம் திரும்பி வந்தது. ஆவண எழுத்தர் ஓர் ஏருக்கு 2.47 சென்ட் என்று வைத்து, கால்குலேட்டரில் 55-ஐ அதனால் பெருக்கி 135.85 சென்ட் என்றார். அடுத்த முறை ஊரில் கணக்குப் பார்த்தவர் மனக்கணக்காக இரண்டரையால் பெருக்கி 137.5 என்றார், பத்திரத்தில் இருப்பதைவிட அரை சென்ட் கூடுதல்! நான் வீட்டில் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 2.471 என்று போட்டுப் பார்த்தேன். 135.9 வந்தது. இதற்குள் நிலத் தரகர் ஒருவர் பட்டாவை வாங்கிப் பார்த்துவிட்டு, "55 சென்ட்தானே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேற்கே வாய்க்கால், கிழக்கே வண்டிப்பாதை, மூலையில் தாத்தா நட்ட எல்லைக்கல். எதுவும் நகரவில்லை. நகர்ந்தது கணக்கு மட்டும்தான். 1 ஏக்கர் 37 சென்ட் என்றால் 55.44 ஏர். 1980-களில் நில உடைமைப் பதிவுகளைச் சீர்செய்து மெட்ரிக்குக்கு மாற்றியபோது அந்தப் புள்ளி நாற்பத்து நான்கை யாரோ கழித்துக் கட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. ஏட்டில் அது ஒரு தசமம். தரையில் ஏறக்குறைய 475 சதுர அடி. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அரசு நிதியுதவியில் கட்டும் வீடே 360 சதுர அடிதான்.

மூன்றாம் முறை போனபோது, டோக்கன் எண் வருவதற்காகப் பெஞ்சில் காத்திருந்த அம்மா பட்டாவைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். "ஏர் என்று போட்டிருக்கிறார்களே, உழுததற்கு எழுதிய கணக்கா?" என்று கேட்டார். ஐம்பது வருடம் அந்த நிலத்தில் களை பறித்தவர். எத்தனை படி விதை பிடிக்கும், எத்தனை ஆள் நடவேண்டும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அவருக்கு உங்கள் ஏர் தெரியவில்லை என்பதைக் குற்றமாக நான் கருதவில்லை. அன்றும் பத்திரம் பதிவாகவில்லை. திரும்பும்போது படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

என் கோரிக்கை ஒன்றுதான். பட்டாவிலும் பத்திரத்திலும் இரண்டு அளவையும் அருகருகே அச்சிடுங்கள். எந்த எண்ணால் பெருக்குவது என்பதை நீங்களே முடிவு செய்து, எல்லா அலுவலகச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். நான்கு எல்லையும் ஒத்திருக்க, மாற்றுக் கணக்கில் மட்டும் ஒன்றிரண்டு சென்ட் வித்தியாசம் வந்தால், திருத்தம் கேட்டு அலையவிடாதீர்கள். பரப்பும் எல்லையும் முரண்பட்டால் எல்லையைப் பாருங்கள் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன.

மெட்ரிக் முறைக்குச் சட்டம் வந்தது 1956-இல். இவ்வளவு காலம் கழித்தும் மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., அதில் விழும் மழை மட்டும் மில்லிமீட்டர். வானிலை மையம் செல்சியஸில் சொல்வதை நாளிதழ்கள் பாரன்ஹீட்டுக்கு மாற்றி, வெயில் சதம் அடித்தது என்று கொண்டாடுகின்றன. பிளைவுட் எட்டுக்கு நான்கு அடி, கனம் மட்டும் மில்லிமீட்டர். இதில் எங்களுக்குப் புகார் இல்லை. அணையின் அடியையும் மழையின் மில்லிமீட்டரையும் சரிபார்த்து வரச்சொல்லி யாரும் எங்களைத் திருப்பி அனுப்பவில்லையே. நிலத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை? அளவை மாற்றியது அரசு. மாற்றிய கணக்கில் விழுந்த ஓட்டைக்கு மனு எழுதி, முத்திரை வாங்கி, நில அளவைக்குப் பணம் கட்டி, வரிசையில் நிற்பது நாங்கள். கணக்கு வாத்தியார் தப்பாகப் போட்ட கணக்குக்குப் பிள்ளையை வெயிலில் நிறுத்துவதைப் போல இருக்கிறது.

கோபத்தில் இரண்டு சொல் கூடுதலாக விழுந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் ஒரே தாளில் வேண்டும், ஒரே எண்ணால் பெருக்கி வேண்டும். பணிவுடன் கேட்பது இதைத்தான்.

வருகிற புதன்கிழமைக்கு மறுபடி டோக்கன் எடுத்திருக்கிறேன். 137-ஆ, 135.9-ஆ என்று அதற்குள் சொல்லிவிட்டால் அப்படியே எழுதிக்கொண்டு வருகிறேன். அம்மாவால் ஏற முடியாவிட்டால், கீழ்த்தளத்திலேயே கைரேகை எடுத்துக்கொள்ள வழி செய்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பட்டாதாரரின் மகன்