வாழை முட்டுக் கம்பும் மண்ணின் ஈரமும்

ஐயா,

களக்காட்டில் வாழை போடுகிறேன். குலை தள்ளிய மரம் காற்றில் சாயாமல் இருக்க சவுக்குக் கம்பு முட்டுக் கொடுப்போம். அந்தக் கம்பு தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் இடத்தில்தான் முதலில் மட்கி ஒடிகிறது. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும்; இரண்டும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். குட்டம் பக்கம் ஈரம் தங்காத தேரி மண்ணில் (செம்மணலில்) என் மைத்துனர் ஊன்றும் வேலிக்கால் இவ்வளவு சீக்கிரம் மட்குவதில்லை (கறையான் தொல்லை வேறு விஷயம்).

1971-இல் அமெரிக்க ஆய்வாளர் ஷெஃபர், வெப்பநிலையையும் மழை நாட்களையும் வைத்து மரக்கட்டை மட்கும் வாய்ப்புக்கு ஒரு குறியீட்டு எண் தந்தார். ஆனால் அது தரைக்கு மேலே இருக்கும் கட்டைக்கு. மண்ணுக்குள் கணக்கே வேறு. மழை இல்லாத மார்ச்சிலும் தண்ணீர் பாய்ச்சிய வாழைத்தோட்டம் ஈரமாகத்தான் கிடக்கும்!

வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 செ.மீ. ஆழத்தில் மண் வெப்பநிலை அளக்கிறார்கள். அதோடு மண் ஈரத்தையும் சேர்த்து, எந்த வட்டாரத்தில் கம்பு எத்தனை பருவம் தாங்கும் என்று வேளாண் துறை தமிழில் வெளியிட வேண்டும். அடுத்த காற்றுக் காலத்துக்கு முன்பே அது கிடைத்தால், எந்தக் கம்பை மாற்றுவது என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

வாழை விவசாயி,
களக்காடு.