தாத்தாவோட டிரங்குப் பெட்டிக்கு உதவின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். இந்த லெட்டரை நான் எப்பவோ எழுதியிருக்கணும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஃபோன் பண்ணி நன்றி சொல்லிட்டேன்தான், ஆனா உங்கள்ல முக்கால்வாசிப் பேருக்கு ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, நீங்க பண்ணினது எங்க போய் எதோட சேந்துச்சுனும் தெரியாது, அதான் ஒரே லெட்டரா எல்லாருக்கும் எழுதுறேன்.

மாயவரம் பக்கத்துல எங்க பழைய வீட்டைப் பிரிச்சப்ப பரண் மேல இருந்து அந்தப் பச்சை டிரங்குப் பெட்டி இறங்கிச்சு. தாத்தா நேவில இருந்தாருங்குறது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், யுத்த காலத்துல பம்பாய்ல இருந்தேன்னு ஒரு வரி சொல்லுவாரு, அதுக்கு மேல கேட்டா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வயலுக்குக் கிளம்பிடுவாரு. 1991ல காலமானாரு, பெட்டியை அதுக்கப்புறம் யாரும் திறக்கல.

முதல் நன்றி எங்க சித்தப்பாவுக்குத்தான். வீடு பிரிக்க வந்தவங்க பழைய இரும்போட சேத்துப் பெட்டியையும் எடைக்குப் போட வண்டில ஏத்திட்டாங்க, அவர் கால் வலியோட தெருமுனை வரைக்கும் ஓடிப்போய் இறக்கிட்டு வந்தாரு. அப்புறம் அத்தை. சாவி அவங்ககிட்டதான் இருந்துச்சு, தாலிக்கயிறு வச்சிருக்குற டப்பாலயே அதையும் இத்தனை வருஷமா போட்டு வச்சிருந்தாங்க.

உள்ள என்னென்ன இருந்துச்சுன்னா, ஒரு சம்பளப் புத்தகம், பாக்கெட் டைரி ஒண்ணு, ரெண்டா மடிச்ச டிஸ்சார்ஜ் பேப்பர், 11 போட்டோ, தொப்பில கட்டுற கறுப்பு ரிப்பன் ஒண்ணு, அப்புறம் 14 நீள நோட்டு. நோட்டெல்லாம் நேவி நோட்டு இல்ல, ஊருக்கு வந்தப்புறம் அவர் பம்புசெட்டுக்கு எழுதினது. அதை நாங்க வயல் கணக்குன்னு நினைச்சுத் தனியா ஒதுக்கி வச்சுட்டோம், இந்த லெட்டர்ல பாதி அதைப் பத்திதான் வரப் போகுது.

மொதல்ல ஒரு வருத்தத்தைச் சொல்லிடறேன், உங்க வீட்லயும் இந்த மாதிரி காகிதம் இருந்தா உதவும். டிஸ்சார்ஜ் பேப்பர் மடிப்புல கிழிய ஆரம்பிச்சிருந்துச்சு, பத்திரமா இருக்கட்டும்னு ஒரு கடைல குடுத்து லேமினேஷன் போட்டுட்டோம். சென்னைல பழைய காகிதங்களைச் சரிபண்ற வேலைல இருக்குற அக்காகிட்ட அதைக் காட்டினப்ப அவங்க முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். சூட்டுல பிளாஸ்டிக்கோட பசை உருகிக் காகித நார்க்குள்ள இறங்கிடுமாம், திரும்பப் பிரிக்க முடியாதாம், காகிதத்துல இருக்குற அமிலமும் உள்ளயே மாட்டிக்குமாம். திட்டவே இல்ல அவங்க. மிச்சத்தையாவது காப்பாத்தலாம்னு சொல்லி மூணு சனிக்கிழமை எங்களுக்காக ஒதுக்கினாங்க, ஒரு பைசா வாங்கல. துருப்பிடிச்ச குண்டூசியை இழுக்காம ரெண்டு பக்கமும் மெல்லிசா ஒரு அட்டையைச் செருகி எடுக்கக் கத்துக் குடுத்தாங்க, மெத்துன்னு இருக்குற பிரஷ்ஷால நடுவுலேர்ந்து வெளியப் பாத்துத் தூசி தட்டணும், கிழிசல்ல செலோ டேப் ஒட்டவே கூடாது, ஜப்பான் டிஷ்யூ பேப்பரும் கோதுமை மாவுச்சத்துப் பசையும்தான், ஏன்னா தண்ணி பட்டா அது பின்னாடி பிரிஞ்சு வந்துடும். போட்டோவைத் தொட கையுறை வேணும், காகிதத்துக்குக் கையைக் கழுவித் துடைச்சுட்டுத் தொட்டாலே போதும், கையுறை போட்டா விரல்ல உணர்ச்சி இல்லாம கிழிச்சுடுவோம். நம்பர் போடறதா இருந்தா பென்சில்தான், அதுவும் பின்பக்கம், லேசா. எல்லாத்துக்கும் மேல அவங்க சொன்னது, எது எதோட சேந்து இருந்துச்சோ அந்த வரிசையைக் கலைக்காதீங்கன்னு. அக்கா, அந்த ஒரு பேச்சுதான் நோட்டுக்களைக் காப்பாத்துச்சு. பெட்டில சம்பளப் புத்தகத்துக்குக் கீழயேதான் 14 நோட்டும் அடுக்கியிருந்துச்சு, அதையும் கூட வைங்கன்னு நீங்க சொல்லலன்னா நாங்க அதை அப்பவே பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்போம்.

ஸ்கேன் பண்ணிக் குடுத்த நாலு காலேஜ் பசங்களுக்கும் நன்றி. 600 டிபிஐல, டிஃப் ஃபைலா, ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னும், வெத்துப் பக்கத்தைக் கூட விடல. மே மாச வெயில், கரண்ட் வேற போயிட்டுப் போயிட்டு வரும், லாப்டாப் சார்ஜ் தீந்தா கோயில் மண்டபத்துல போய் சார்ஜ் போட்டுட்டு வருவீங்க. சாப்பாடு மட்டும்தான் போட முடிஞ்சுது எங்களால.

இப்ப கப்பல் விஷயத்துக்கு வரேன். எந்தக் கப்பல்னே எங்களுக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் பேப்பர்ல கப்பல் பேர் எழுதுற கட்டத்தைப் பூச்சி தின்னுருச்சு. தொப்பி ரிப்பன்ல பேர் இருக்கும்னு பாத்தா வெறும் எச்.எம்.ஐ.எஸ்.னு மட்டும், அதாவது ராஜாவோட இந்தியக் கப்பல்னு, தங்க எழுத்துல இருக்கு. கப்பல் எங்க நிக்குதுன்னு எதிரிக்குத் தெரியக் கூடாதுன்னு யுத்த காலத்து ரிப்பன்ல பேரைப் போட மாட்டாங்கன்னு விசாகப்பட்டினத்துல இருக்குற ரிட்டயர்ட் நேவி ஐயா சொல்லித்தான் தெரிஞ்சுது. ஒரு போட்டோவோட பின்பக்கம் பென்சில்ல "நர்ப"னு இங்கிலீஷ்ல பாதி எழுத்து இருந்துச்சு, அதை வச்சுத்தான் எச்.எம்.ஐ.எஸ். நர்பதாவா இருக்கும்னு அவர் சொன்னாரு. சொல்லிட்டு விடல, பீரங்கிகளோட அமைப்பு, புகைபோக்கியோட சாய்வு எல்லாத்தையும் போட்டோவுல வட்டம் போட்டு அனுப்பினாரு. 1942ல இங்கிலாந்துல தண்ணில இறக்கின ஸ்லூப் வகைக் கப்பல், அதாவது மத்த கப்பலுங்களுக்குக் காவலாப் போற சின்னப் போர்க்கப்பல், 4 இஞ்ச் பீரங்கி ஆறு. 1945 ஜனவரில பர்மாவோட அரக்கான் கரைல மயேபோன்ல படை இறங்கினப்ப நர்பதாவும் ஜம்னாவும் கடல்லேர்ந்து குண்டு போட்டுத் துணை நின்ன கப்பலுங்க. எங்க தாத்தா அப்ப ஸ்டோக்கர், பாய்லரைப் பாத்துக்குற ஆளு, மேல என்ன நடக்குதுன்னே தெரியாம பாய்லர் சூட்டுல கீழ நின்னுட்டு இருந்திருப்பாரு, வயசு 20.

கப்பலோட கதை இன்னொரு நாட்டுல இருந்துச்சு. 1947ல நேவியைப் பிரிச்சப்ப ஆறு ஸ்லூப்ல சட்லெஜ், ஜம்னா, கிஸ்னா, காவேரி நாலும் இந்தியாவுக்கு, நர்பதாவும் கோதாவரியும் பாகிஸ்தானுக்கு. நர்பதாவுக்கு ஜீலம்னு பேர் மாத்திட்டாங்க. பழைய கப்பல் படங்கள் சேக்குற கராச்சி நண்பர் ஒருத்தர், யாருன்னே தெரியாத எங்களுக்கு, தன்னோட சேகரிப்புலேர்ந்து ஜீலம் படம் மூணு அனுப்பினாரு. இஞ்சின் ரூம் படம் இருக்கான்னு அவங்க ஊர் பழைய நேவிக்காரங்க ரெண்டு பேர் வீட்டுக்குப் போய் வேற கேட்டிருக்காரு. கிடைக்கல, ஆனா போனாரு பாருங்க. உங்க தாத்தா நின்ன தளத்துல எங்க ஊர்ப் பெரியவங்களும் நின்னிருக்காங்கன்னு எழுதியிருந்தாரு, அதை அத்தைக்குப் படிச்சுக் காட்டினேன், அவங்க ரொம்ப நேரம் பேசல.

டெல்லித் தங்கச்சி, உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. டிஸ்சார்ஜ் பேப்பர்ல "சர்வீசஸ் நோ லாங்கர் ரிக்வயர்ட்"னு இருந்ததை யுத்தம் முடிஞ்சுது அனுப்பிட்டாங்கன்னு நாங்க இத்தனை வருஷமா அர்த்தம் பண்ணி வச்சிருந்தோம். இது யுத்தம் முடிஞ்சு அனுப்புற வார்த்தை இல்லண்ணா, தேதியைப் பாருங்கன்னு நீதான் சொன்ன. 1946 ஏப்ரல். அப்புறம்தான் டைரியை மறுபடி எடுத்துப் பாத்தோம், பிப்ரவரி பக்கங்கள்ல பம்பாய்ல இருந்த நேவி முகாம் கேசில் பேரக்ஸோட பேர் இருக்கு, 21ஆம் தேதில ஒண்ணுமே இல்ல, அதுக்கப்புறம் தினமும் ஒரே வார்த்தை, முலுண்ட். அத்தை அது ஏதோ ஆளோட பேருன்னு நினைச்சாங்க. வேலைநிறுத்தம் பண்ணின மாலுமிகளைப் பிடிச்சு அடைச்ச முகாம் முலுண்ட்னு நீ சொன்ன அன்னைக்கு ராத்திரி எங்க வீட்ல யாரும் தூங்கல.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். அந்த நேவி மாலுமிகளோட வேலைநிறுத்தம் 1946 பிப்ரவரி 18 பம்பாய்ல சிக்னல் ட்ரெயினிங் ஸ்கூல் தல்வார்ல ஆரம்பிச்சது, காரணம் மோசமான சாப்பாடு, வெள்ளைக்கார ஆபீசரோட அசிங்கமான வசவு, அதோட சுதந்திரம். ரெண்டு மூணு நாள்ல கராச்சி, மெட்ராஸ், விசாகப்பட்டினம்னு பரவி 78 கப்பல், 20 கரைத் தளம், ஏறக்குறைய 20,000 பேர். 21ஆம் தேதி கேசில் பேரக்ஸ்ல ராணுவத்துக்கும் மாலுமிகளுக்கும் துப்பாக்கிச் சண்டை. பம்பாய் ஜனங்க கேட்வே ஆஃப் இந்தியாவுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு வந்து மாலுமிகளுக்குக் குடுத்திருக்காங்க. 23ஆம் தேதி பட்டேல் சொல்லிச் சரணடைஞ்சாங்க, முஸ்லிம் லீக் தலைவர்களும் அதையேதான் சொன்னாங்க. அப்புறம் நூத்துக்கணக்கான பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க, சுதந்திரம் வந்தப்புறமும் இந்தியாவும் சேத்துக்கல பாகிஸ்தானும் சேத்துக்கல. பின்னாடி தியாகி பென்ஷன் பட்டியல்ல இதையும் சேத்தாங்க, தாத்தா எழுதிப் போடவே இல்ல.

டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல தங்கச்சி எட்டு நாள் உக்காந்துச்சு, தன்னோட படிப்பு வேலையை விட்டுட்டு. தாத்தா பேர் கிடைக்கல. ஆனா அந்த வேலைநிறுத்தத்தைப் பத்தி ஃபசல் அலி தலைமைல 5 பேர் கமிஷன் விசாரிச்ச காகிதங்களைப் படிச்சு, சாதாரண மாலுமிங்க அரிசியைப் பத்தியும் பருப்பைப் பத்தியும் என்ன சொன்னாங்கன்னு கையால எழுதி அனுப்புச்சு. லண்டன்ல இருக்குற நம்ம ஊர்த் தம்பி பிரிட்டிஷ் லைப்ரரில இந்தியா ஆபீஸ் ரெக்கார்ட்ஸ்ல, அதாவது வெள்ளைக்காரங்க ஆட்சிக் காலத்து இந்தியக் காகிதங்கள்ல, லீவு நாள்ல போய்த் தேடினாரு. அவருக்கும் நன்றி. ஒரு மாலுமியோட வாழ்க்கை டெல்லி, லண்டன், மும்பை, கராச்சினு நாலா சிதறிக் கிடக்கு, ஒரு குடும்பம் தனியா தேடிச் சேக்குற காரியமே இல்ல இது.

நோட்டைப் பத்தி இன்னும் சொல்லல. பம்புசெட் நோட்டுல ஒவ்வொரு பக்கமும் கோடு போட்டு மோட்டார் ஓடின நேரம், நிறுத்தின நேரம், தாங்கி (பேரிங்) சூடு, கிரீஸ் வச்ச தேதின்னு இருக்கும், ஓரத்துல எம், எஃப்.என்., எஃப்.டி., எல்.டி.னு இங்கிலீஷ் எழுத்து. எஃப்.டி.ன்னா பேங்க் டெபாசிட்னு நினைச்சு எங்க அத்தான் ரெண்டு பேங்க்ல போய் விசாரிச்சே வந்தாரு. சும்மா ஒரு பக்கத்தைப் படம் எடுத்து விசாகப்பட்டினம் ஐயாவுக்கு அனுப்பினேன். அஞ்சே நிமிஷத்துல ஃபோன். "தம்பி, இது வயல் கணக்கு இல்ல, இஞ்சின் ரூம் லாக், கப்பல்ல முறை மாத்தி வேலை பாக்குற வாட்ச் நேரத்தை வச்சு எழுதுற பதிவு. எஃப்.டி. ஃபர்ஸ்ட் டாக், சாயங்காலம் 4 டு 6. எல்.டி. லாஸ்ட் டாக், 6 டு 8. எம் மிடில் வாட்ச், நடுராத்திரி 12 டு 4. உங்க தாத்தா கப்பலை விட்டு இறங்கவே இல்ல"ன்னாரு, சொல்லும்போதே அவருக்குக் குரல் உடைஞ்சிருச்சு. ராத்திரி த்ரீ ஃபேஸ் கரண்ட் வர நேரம் பாத்து 2 மணிக்கு எந்திரிச்சு அவர் போறதை நாங்க எல்லாரும் பாத்திருக்கோம், விவசாயி பாடுன்னு நினைச்சோம். 40 வருஷத்துக்கும் மேல மிடில் வாட்ச் பாத்திருக்காரு.

கடைசி நோட்டோட கடைசி வரில எஃப்.டி., 5.10, ஓடுதுன்னு இருக்கு. நிறுத்தின நேரம் இல்ல. அன்னைக்குத்தான் வயல்லேர்ந்து அவரைத் தூக்கிட்டு வந்தாங்க. மோட்டாரை யார் நிறுத்தினாங்கன்னு இப்பதான் அத்தைகிட்ட கேட்டேன், நான்தான்டா போய் நிறுத்தினேன், ஏழு மணி இருக்கும்னாங்க. அந்தக் கட்டத்துல நாங்க எதுவும் எழுதல, அத்தை சொன்னதைத் தனியா ஒரு தாள்ல எழுதிக் கூட வச்சிருக்கோம்.

எல்லாக் காகிதமும் இப்ப அமிலமில்லாத உறைல, வெளிச்சுவர் ஒட்டாத அலமாரில, பழைய வரிசையிலயே இருக்கு. ஸ்கேன் மொத்தமும் ஆளுக்கு ஒரு பென் டிரைவ்ல போட்டு அனுப்பிட்டு இருக்கேன், கராச்சிக்கு மட்டும் மெயில்ல. ஆராய்ச்சிக்கு யாருக்கு வேணும்னாலும் தாராளமா குடுங்க, எங்ககிட்ட கேக்க வேண்டாம்.

விசாகப்பட்டினம் ஐயா, உங்க பார்சல்ல அத்தை அதிரசமும் வச்சிருக்காங்க. கூடவே ஒரு கேள்வியும் இருக்கு, ஏழாவது நோட்டுல நிறைய பக்கத்துல நேரத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு முக்கோணம் போட்டிருக்காரு, படம் உள்ள இருக்கு. பாத்துட்டு சாவகாசமா ஃபோன் பண்ணுங்க, அத்தை காத்துக்கிட்டு இருக்காங்க.