டிபிக்கு கணக்கு போட்டாச்சு, துணைக்கு ஆள் யாரு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

டிபி நோயாளியோட சாவை கம்ப்யூட்டர் முன்கூட்டியே சொல்லிடும்ங்கிற மாதிரி நம்ம பேப்பர்ல தலைப்பு போட்டிருந்தீங்க. உள்ள இருந்த செய்தி சரிதான், தலைப்புதான் ஆளை பயமுறுத்துது. அதை படிச்சுட்டு எங்க தெருவுல ரெண்டு பேரு, சாகுற கேஸுன்னு கம்ப்யூட்டர்ல வந்துட்டா மருந்து குடுக்காம அனுப்பிருவாங்களாண்ணேன்னு என்கிட்டயே கேட்டாங்க. விஷயம் நேர் தலைகீழுங்க. கிளி ஜோசியக்காரனுக்கு சொன்னது பலிச்சாத்தான் பேரு, இந்த கணக்கு பொய்யாப் போனாத்தான் அதை போட்ட டாக்டர்களுக்கு பேரு. யாரு சீக்கிரம் போயிருவாங்கன்னு முதல்லயே தெரிஞ்சுக்கிட்டு, அவங்களை முதல்ல பெட்டுல சேக்கத்தான் இந்த ஏற்பாடே.

நான் டாக்டர் இல்லை. ரேஷன் கடையில எடையாளரா இருந்து ரிட்டையர் ஆனவன், திருமங்கலம் பக்கம். என் மச்சினனுக்கு டிபி வந்து கூடவே அலைஞ்சப்ப வார்டு சிஸ்டர்கள்கிட்டயும் டிபி ஹெல்த் விசிட்டர்கிட்டயும் நச்சரிச்சு நச்சரிச்சு கேட்டது, அப்புறம் நானா தேடி படிச்சது, அதை வச்சுத்தான் எழுதுறேன்.

2022 ஏப்ரல்ல தமிழ்நாட்டுல காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க, அம்பத்தூர் பக்கம் அயப்பாக்கத்துல இருக்குற ஐ.சி.எம்.ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் கூட சேர்ந்து. அதுல முக்கியமான வேலை என்னன்னா, சளி டெஸ்ட்டுல டிபின்னு வந்த உடனே ஆளை நாலஞ்சு விஷயத்துக்கு பார்த்துரணும். எடை எவ்வளவு, ரெண்டு காலும் வீங்கியிருக்கா, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, விரல்ல மாட்டுற மெஷின்ல ஆக்சிஜன் எவ்வளவு, யாரும் பிடிக்காம எந்திரிச்சு நிக்க முடியுதா. அவ்வளவுதான். ஸ்கேன் வேணாம், ரத்தம் எடுக்க வேணாம், ஊசி வேணாம். பி.எம்.ஐ, அதாவது உயரத்துக்கு தகுந்த எடை இருக்கான்னு பார்க்குற கணக்கு, 14ஓ அதுக்கு கீழயோ இருந்தா ஆபத்து, 16 வரைக்கும் இருந்து கூடவே ரெண்டு காலும் வீங்கியிருந்தா அதுவும் ஆபத்து. மூச்சு நிமிஷத்துக்கு 24க்கு மேல போனாலும், ஆக்சிஜன் 94க்கு கீழ இறங்குனாலும், தானா நிக்க முடியலைன்னாலும் அட்மிஷன் போடணும்.

பி.எம்.ஐன்னா நம்ம சனத்துக்கு புரியாது, கிலோவுல சொல்றேன். அஞ்சரை அடி ஆம்பளை 39 கிலோ இருந்தா, அஞ்சடி பொம்பளை 32 கிலோ இருந்தா அந்த 14க்கு கீழ வந்துட்டாங்கன்னு அர்த்தம். இந்த மாதிரி ஆளை நம்மூர்ல பார்த்ததே இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது, ஒடம்பு வாகே அப்படித்தான்னு சொல்லி விட்டுருவோம், அம்புட்டுதான்.

இப்ப புதுசா வந்ததுதான் நீங்க போட்ட செய்தி. இந்த திட்டத்துல நோயாளி விவரத்தை பதியுறதுக்கு ஒரு ஆப் இருக்கு, 2025ல அதுக்குள்ளயே ஒரு கணக்கை சேர்த்துட்டாங்க, மேல சொன்ன விவரத்தை அடிச்சா இந்த மாதிரி நிலைமையில இருக்குற நூறு பேர்ல எத்தனை பேர் தவறிப்போவாங்கன்னு ஒரு நம்பர் வரும். நல்லா இருக்குற டிபி நோயாளிக்கு 1ல இருந்து 4 வரைக்கும் வருது, ரொம்ப மோசமா இருக்குறவங்களுக்கு 10ல ஆரம்பிச்சு 50 வரைக்கும் போகுது. ரெண்டுமே அதே கிருமி, அதே மாத்திரைங்க. வித்தியாசம் முழுக்க உடம்பு எந்த நிலைமையில மாத்திரைகிட்ட வந்து சேர்ந்துச்சுங்கிறதுலதான் இருக்கு. டிபியில சாகுறவங்கள்ல பெரும்பாலானவங்க மருந்து ஆரம்பிச்ச முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே போயிடுறாங்க, அதனால ஆறு மாச கோர்ஸ்ல இந்த முதல் ரெண்டு மாசம்தான் கண்டம், அதுலயும் முதல் வாரம் ரொம்ப முக்கியம்.

இங்க ஒன்னு சொல்லணும். நூத்துக்கு முப்பதுன்னு ஒருத்தருக்கு வந்துச்சுன்னா அவரு அந்த முப்பதுல ஒருத்தரா மிச்சம் எழுபதுல ஒருத்தரான்னு எந்த கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஆனா வீட்டாளுக காதுக்கு முப்பதுங்கிறது எப்படி விழும்னா, டாக்டர் கைய விரிச்சுட்டாருன்னு விழும். கைய விரிச்சுட்டா அடுத்து நம்ம பக்கம் என்ன செய்வோம், ஆம்புலன்ஸ் பிடிச்சு வீட்டுக்கு கூட்டிட்டு போயிருவோம், கடைசி மூச்சு வீட்டுல போகட்டும்னு. அதனால நம்பரை அப்படியே சொல்லாம, இன்னைக்கே சேர்த்தா காப்பாத்த வழியிருக்கு, ஒரு வாரம் விட்டா கஷ்டம்னு சொல்றதுதான் நல்லதுன்னு எனக்கு தோணுது. மறைக்கச் சொல்லலை, கேட்டா சொல்லட்டும், ஆனா முதல் வார்த்தையா நம்பர் வேணாம்.

அப்புறம் இந்த கணக்கெல்லாம் அளக்குற கையை நம்பித்தான் இருக்கு. முப்பது வருஷத்துக்கு மேல தராசு பிடிச்சவன்ங்கிறதால சொல்றேன். மூச்சை ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும், கூட்டமா இருக்குற நேரத்துல எண்ணாமலே 20ன்னு போட்டா கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், அதுவும் 20க்குத்தான் கணக்கு போடும். நிக்கவே முடியாத ஆளை எடை மெஷின்ல எப்படி ஏத்துறது, அவர்தான் எல்லாரையும் விட மோசமான கேஸு. சொந்தக்காரர் ஒருத்தர் அவரை தூக்கிக்கிட்டு ஏறணும், அப்புறம் தனியா ஏறணும், கழிச்சா வந்துரும். இதுக்கு பொறுமை வேணும், ஆள் வேணும், மெஷின் மட்டும் இருந்தா போதாது.

என் மச்சினன் மேலூர் பக்கம் கிரானைட் கல் அறுக்குற வேலை பார்த்தவன். அந்த கல்லுத்தூள் நுரையீரல்ல படிஞ்சா டிபி கிருமியை எதிர்க்குற சக்தி குறைஞ்சு போகுதுன்னு பின்னாடி டாக்டர் சொல்லித்தான் தெரியும். இருமல் வந்தவுடனே வீட்டுப் பக்கத்துல இருந்த ஒரு பிரைவேட் கிளினிக்லதான் காட்டுனான், டானிக்கும் ஆன்டிபயாட்டிக்கும் மாத்தி மாத்தி எழுதிக் குடுத்தாங்களே ஒழிய ஒரு தடவை கூட எடை மெஷின்ல ஏறுங்கன்னு சொல்லலை, சளி டெஸ்ட்டும் எடுக்கலை. சில ஆன்டிபயாட்டிக் டிபியை கொஞ்ச நாளைக்கு அமுக்கி வச்சுருமாம், கேட்குற மாதிரி இருக்கும், திரும்ப வரும். அப்படியே மாசக்கணக்குல ஓடிருச்சு. கடைசியில கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு போனப்ப சிஸ்டரம்மா, அண்ணே ஸ்டூல்ல இருந்து கைய ஊணாம எந்திரிங்கன்னு சொன்னாங்க, என் மச்சினன் பொண்டாட்டிக்கு கோவம் வந்துருச்சு, மூச்சு வாங்குற மனுசனை எந்திரி உக்காருன்னா என்ன அர்த்தம்னு. அவனால முடியலை. உடனே பெட்டு குடுத்தாங்க, ஆக்சிஜன் வச்சாங்க, சாப்பாடு கூட அளந்து அளந்து குடுத்தாங்க. ரொம்ப நாளா காய்ஞ்சு கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சோறும் கறியும் அள்ளி வச்சா ரத்தத்துல பாஸ்பேட் மாதிரி உப்புக எல்லாம் சட்டுனு இறங்கி இதயமே தடுமாறிருமாம், நம்ம வீட்டுல இருந்திருந்தா முதல் நாளே ஈரல் சூப்பு வச்சு குடுத்திருப்போம். இப்ப ஆளு நல்லா இருக்கான், கல்லு வேலைக்கு மட்டும் போறதில்லை.

சோறு விஷயத்துல இன்னொன்னு. ஜார்க்கண்ட்ல 2019ல இருந்து 2022 வரைக்கும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2023ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில வந்துச்சு. நோயாளி 2,800 பேருக்கு மாத்திரையோட மாசம் 10 கிலோ சாமான் குடுத்தாங்க, அரிசி 5, துவரம்பருப்பு ஒன்றரை, பால் பவுடர் 3, எண்ணெய் அரை லிட்டர். (இந்த கணக்கை படிச்சப்ப பழைய கடை ஞாபகம் வந்துருச்சு, பால் பவுடர் மட்டும்தான் நாங்க போட்டதில்லை.) முதல் ரெண்டு மாசத்துல எடை நூத்துக்கு அஞ்சு ஏறுனவங்களுக்கு சாவு 60 சதவீதம் போல குறைவா இருந்துச்சு. எடை ஏறுனதால பொழச்சாங்களா, பொழைக்குறவங்களுக்குத்தான் எடை ஏறுச்சான்னு ஒருத்தர் கேக்கலாம், நியாயமான கேள்விதான். ஆனா அதே ஆராய்ச்சியில நோயாளி வீட்டுல இருந்த மத்தவங்களுக்கும் அரிசி பருப்பு குடுத்துப் பார்த்தாங்க, குடுக்காத வீடுகளை விட குடுத்த வீடுகள்ல புதுசா டிபி வர்றது 39 சதவீதம் குறைஞ்சுச்சு. அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும். நம்ம நாட்டுல நோயாளிக்கு சத்துணவுக்குன்னு 2018ல இருந்து மாசம் 500 ரூபாய் குடுத்தாங்க, 2024 நவம்பர்ல இருந்து 1,000 ஆக்கியிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா பேங்க் அக்கவுண்ட்டு ஆதார் சிக்கல்ல பணம் பிந்தி வந்துச்சுன்னா, நான் சொன்ன அந்த முதல் ரெண்டு மாசம் தாண்டிருது.

சிலர் கேப்பாங்க, டிபிக்கு வீட்டுல இருந்தே மாத்திரை சாப்பிட்டா போதும்னுதானே சொன்னாங்க, இப்ப எதுக்கு பெட்டுன்னு. உண்மைதான், அதை உலகத்துக்கே நிரூபிச்சதும் நம்ம சென்னைதான். 1956ல ஆரம்பிச்ச டிபி ஆராய்ச்சி மையம் ஒரு பாதி பேரை சானடோரியத்துல (டிபிக்குன்னே இருந்த ஆஸ்பத்திரி) வச்சும் ஒரு பாதி பேரை வீட்டுல வச்சும் மருந்து குடுத்து பார்த்துச்சு, குடிசையில அரைவயிறு கஞ்சி குடிச்சவங்களும் சானடோரியத்துல இருந்தவங்க அளவுக்கு குணமானாங்க. அதுக்கப்புறம்தான் சானடோரியம்ங்கிற வழக்கமே குறைஞ்சுச்சு. பெரும்பாலானவங்களுக்கு இன்னைக்கும் அதுதான் சரி. பெட்டு வேண்டியது கண்டுபிடிக்கும்போதே ஒடிஞ்சு போய் வர்ற கொஞ்ச பேருக்கு, நூத்துல பத்து பதினஞ்சு பேருக்குத்தான். அவங்களை பிரிச்சு எடுக்கத்தான் அந்த அஞ்சு கேள்வி.

இனிமே என் குறைக்கு வர்றேன். கண்டுபிடிச்ச ஒரு நாளைக்குள்ள பெரும்பாலும் அட்மிஷன் ஆயிடுதாம், ஆனா கால்வாசி பேருக்கு தள்ளிப்போகுது, சிலருக்கு ஆறு நாள் வரைக்கும் ஆகுதாம். எதுனால தள்ளிப்போகுதுன்னு கம்ப்யூட்டரை கேக்க வேணாம், வார்டு வாசல்ல அரை மணி நேரம் உக்காந்திருந்தாலே தெரியும். நம்ம ஆஸ்பத்திரிகள்ல கூட ஒரு ஆள் இல்லாம பெட்டுல படுக்க முடியாது. சாப்பாடு வாங்க, பாத்ரூம் கூட்டிட்டு போக, எக்ஸ்ரேக்கு தள்ளிட்டு போக எல்லாத்துக்கும் துணைக்கு ஆள் வேணும். உசிலம்பட்டி பேரையூர் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வருதுன்னா புருசன் பெட்டுல, பொண்டாட்டி கட்டிலுக்கு கீழ, அப்ப அந்த வீட்டுக்கு கூலி எங்கிருந்து வரும், பிள்ளைகளுக்கு யாரு பொங்கிப் போடுறது, ரெண்டு ஆடு இருந்தா அதை யாரு மேய்க்கிறது. நாளைக்கு வர்றோம் சார்னு சொல்லிட்டு போறவங்க பயத்துல போகலை, இந்த கணக்கை போட்டுப் பார்த்துட்டுத்தான் போறாங்க. குடிப்பழக்கம் இருக்குறவங்க ரெண்டாம் நாளே சொல்லாம கொள்ளாம கிளம்பிருவாங்க, அவங்களை திட்டுறதை விட கை நடுக்கத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தா தங்குவாங்க. தனிக்கட்டையா பஸ் ஸ்டாண்டுல கிடக்குறவங்க கதை தனி.

மதுரைக்கு டிபி வைத்தியம் புதுசு இல்லை. தோப்பூர்ல நெஞ்சக ஆஸ்பத்திரி இருக்கு, ஊருக்குள்ள பெரியாஸ்பத்திரி இருக்கு. தோப்பூர்னாலே இப்ப எல்லாரும் எய்ம்ஸைத்தான் பேசுறாங்க, 2019 ஜனவரியில அடிக்கல் நாட்டுனது, அதை எழுத ஆரம்பிச்சா இந்த லெட்டர் முடியாது. பக்கத்துலயே இருக்குற நெஞ்சக ஆஸ்பத்திரியை யாராவது பேசுறாங்களா.

நம்ம பேப்பர்கிட்ட கேக்குறது, அந்த அஞ்சு கேள்வியையும் கிலோ கணக்கோட கட்டம் கட்டி ஒரு நாள் போடுங்க, டிபி ஹெல்ப்லைன் 1800-11-6666 நம்பரையும் அதுலயே போடுங்க, வெட்டி எடுத்து சுவத்துல ஒட்டுறவங்க ஒட்டட்டும். பிரைவேட் கிளினிக் நடத்துற டாக்டர்களும் பார்க்கட்டும், ரெண்டு வாரத்துக்கு மேல இருமுற ஆளை எடை பார்க்காம, சளி டெஸ்ட் எடுக்காம அனுப்பக்கூடாது.

கலெக்டர் ஐயாவும் சுகாதாரத்துறையும் பார்த்தா அவங்ககிட்ட ரெண்டு கேக்கணும். மோசமான கேஸுன்னு சேர்க்குற நோயாளி கூட இருக்குற ஒரு ஆளுக்கு, படுத்திருக்குற நாள் வரைக்கும், ஒரு நாள் கூலியும் மூணு வேளை சாப்பாடும் குடுங்க. எல்லா டிபி நோயாளிக்கும் கேக்கலை, அந்த பத்து பதினஞ்சு பேருக்கு மட்டும்தான், யாருன்னு ஆப்புலயே இருக்கு. ரெண்டாவது, நம்ம மாவட்டத்துல மாசாமாசம் எத்தனை பேருக்கு இந்த கணக்கு போட்டீங்க, எத்தனை பேரை சேர்க்கச் சொன்னீங்க, எத்தனாவது நாள் சேர்ந்தாங்க, எத்தனை பேர் சேராமலே போனாங்கன்னு பேர் இல்லாம நம்பரை மட்டும் வெளியிடுங்க. ரேஷன் கடையிலயே இருப்பு எவ்வளவுன்னு தினம் போர்டுல எழுதிப் போட்டோம், இதை மாசத்துக்கு ஒரு தடவை போடுறதுல என்ன கஷ்டம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருமங்கலம் தாலுகா, மதுரை மாவட்டம்