டெடிங்டன் லாக்குக்குப் படகில் வருவோருக்கு ஒரு திறந்த மடல்

தேம்ஸில் கிங்ஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கி வரும் நண்பர்களே,

வணக்கம். டெடிங்டனில் ஆறு பிரிகிறது: ஒரு பக்கம் லாக், அதாவது இரு முனையிலும் கதவு வைத்து, தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் தொட்டி; மறுபக்கம் தடுப்பணை. ஆற்றின் மேற்பக்கமிருந்து வரும்போது படகில் உட்கார்ந்து பார்த்தால் அணையில் தண்ணீர் விழுவது தெரியாது. ஆறு அங்கேயே முடிந்துபோன மாதிரி ஒரு கோடு மட்டும் தெரியும். அந்தக் கோட்டை நெருங்கிப் பார்க்கலாம் என்று யாரும் துடுப்பைப் போட வேண்டாம். கீழிருந்து வருகிறவர்களும் அணையடிக்குப் போகாதீர்கள். விழுகிற தண்ணீர் அடியோடு போய் மேலெழுந்து, திரும்ப அணையை நோக்கியே சுழலும். சிக்கிய படகை விடாது. காற்று கலந்து நுரைத்த அந்தத் தண்ணீரில் லைஃப் ஜாக்கெட்டும் வழக்கம்போல் தூக்காது.

கிளம்பும் முன் லாக்கில் மாட்டியிருக்கும் எச்சரிக்கைப் பலகையைப் பாருங்கள். சிவப்பு என்றால் நீரோட்டம் பலம்: யாரும் ஆற்றில் இறங்காமல் இருப்பதே நல்லது. மஞ்சளில் இரண்டு உண்டு. ஓட்டம் கூடுகிறது என்றால் துடுப்புப் படகுகள் இறங்கக் கூடாது, இயந்திரப் படகுகள் பத்திரமான கரையைத் தேட வேண்டும். குறைகிறது என்றால் இயந்திரப் படகுகள் மட்டும் கவனமாகப் போகலாம். வெயில் அடிக்கிறதே என்று ஏமாறாதீர்கள். இங்கே வரும் வெள்ளம் மேலே ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் பெய்த மழை.

இங்கே முதல் லாக் 1811இல் வந்தது. இப்போது மூன்று. 1904இல் கட்டிய பெரியது 650 அடி நீளம். நடுவிலும் கதவு இருப்பதால், படகுகள் குறைவாக இருந்தால் பாதியை மட்டும் நிரப்பினால் போதும். சிறிய துடுப்புப் படகுகளுக்கென்றே ஒன்றும் உண்டு.

லாக்குக்குள் பெரும்பாலான தொல்லை கயிற்றால்தான். உள்ளே வந்ததும் இன்ஜினை நிறுத்துங்கள். அணியத்தில் (படகின் முன்முனை) ஒன்று, அமரத்தில் (பின்முனை) ஒன்று என இரண்டு கயிறு. கரையிலுள்ள முளையைச் சுற்றி நுனியைக் கையிலேயே வைத்திருங்கள், முடிச்சுப் போடாதீர்கள். தண்ணீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைத் தொங்கவிட்டுவிடும். பாரம் ஏறிய முடிச்சை எவராலும் அவிழ்க்க முடியாது. விரல் கயிற்றுக்கும் முளைக்கும் நடுவில் போகவே கூடாது. இறங்கும்போது அமரம் மேல்கதவை ஒட்டி நிற்கவும் கூடாது. கதவுக்கு அடியில் ஒரு கல்படி நீட்டிக்கொண்டிருக்கும். சுக்கான் அதில் உட்கார்ந்தால் அணியம் கீழே தாழ்ந்து தண்ணீர் உள்ளே ஏறும். அப்படிச் சிக்கினால் சத்தம் போடுங்கள். தண்ணீரை வெளியே விடும் கீழ் ஷட்டரை உடனே மூட வேண்டும், பிறகு மேல் ஷட்டரை மெதுவாகத் திறந்து படகை மிதக்கவிட வேண்டும். அவசரத்தில் வரிசை மாறினால் தண்ணீர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும்.

எவ்வளவு ஆழம் இறங்குவோம் என்பது நாளைக்கு நாள், மணிக்கு மணி மாறும். கடலின் ஏற்ற வற்றம் வந்து முட்டும் எல்லை இது. வற்றத்தில் இரண்டரை மீட்டருக்கும் மேல் இறங்க வேண்டியிருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய ஏற்றத்தில் அணையே முழுகி மேலும் கீழும் ஒரே மட்டமாகிவிடும். எனவே முளையைச் சுற்றித் திரும்பும் அளவுக்கு நீளமான கயிறு வேண்டும்.

லாக்கைத் தாண்டிச் சற்று தூரத்தில் கரையில் ஒரு கல்தூண். அதுவரை சுற்றுச்சூழல் முகமையின் ஆறு, அப்பால் லண்டன் துறைமுக ஆணையத்தின் ஆறு, விதிகளும் மாறும். அடுத்தது ரிச்மண்ட். அங்கே ஆற்றுக்குக் குறுக்கே 1894இல் அமைத்த, தண்ணீரைத் தேக்கும் மூன்று ஷட்டர்கள் உச்ச ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம் தூக்கியிருக்கும், அப்போது நேராகப் போகலாம். மற்ற நேரத்தில் பக்கத்து லாக்தான். இலையுதிர்காலத்தில் பராமரிப்புக்காகச் சில வாரங்கள் அவற்றை இறக்கவே மாட்டார்கள். அப்போது வற்றத்தில் டெடிங்டன் வரை ஆற்றின் தரை தெரியும். கரையோரம் கட்டிய படகு சேற்றில் சாய்ந்து கிடக்கும். தேதிகளை ஆணையம் முன்கூட்டியே அறிவிக்கும். பார்த்துவிட்டு வாருங்கள்.