ஷிங் முன் சுரங்கத்தில் பெயிண்ட் அடிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஞாயிற்றுக்கிழமை மலையேறும் குழுக்களின் அன்பர்களுக்கு, வணக்கம்.

ஹாங்காங்கில் பிரிட்டிஷார் கட்டிய நிலத்தடிச் சுரங்கக் கோட்டையான ஷிங் முன் காப்பரணை உங்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மெக்லஹோஸ் பாதையின் ஆறாம் பகுதியில் நடக்கும்போதெல்லாம் அதற்குள் இறங்கிப் பார்க்கிறீர்கள். அதன் சுரங்கங்களுக்கு வைத்து, சுவரில் செதுக்கிய ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ, சேரிங் கிராஸ் என்ற லண்டன் பெயர்களும் உங்களுக்கு மனப்பாடம். அப்படியொரு பெயருக்குள் இப்போது யாரோ சிவப்பு ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். போட்டோவில் எழுத்து பளிச்சென்று விழ வேண்டுமாம்.

தயவுசெய்து அந்த எழுத்துகளின் மேல் எதையும் பூசாதீர்கள். சாக்பீஸ்கூட வேண்டாம்.

1936-38இல் போட்ட கான்கிரீட் அது. நுண்துளைகள் வழியே பெயிண்டை உள்ளே இழுத்துக்கொள்ளும். தின்னர் துணியால் துடைத்தால் சாயம் கரைந்து இன்னும் ஆழத்துக்குப் போகும், சுற்றிலும் இளஞ்சிவப்பாகப் படரும். கம்பி பிரஷ் போட்டால் மேல்பூச்சு உதிர்ந்து மணல் தெரியும். எழுத்தின் விளிம்பே மழுங்கிவிடும். உறிஞ்சும் களிமண் பொடியைக் கரைப்பானில் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி, பெயிண்ட் இளகியதும் தாளை எடுத்துக் காயவிட்டு, மெல்லப் பெயர்க்க வேண்டும். ஒரு தடவையில் போகாது. காற்று ஓடாத சுரங்கத்தில் அந்த ஆவி தலையைச் சுற்றவைக்கும், தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கழுவும் தண்ணீரையும் முதுகில் சுமந்துதான் ஏற வேண்டும். இவ்வளவும் இரண்டு நொடி ஸ்பிரேக்கு.

எழுத்து தெரிய வேண்டுமா? டார்ச்சை நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும், ஒவ்வொரு எழுத்தும் எழுந்து நிற்கும். செலவு ஒரு காசில்லை.

1941 டிசம்பர் 9 இரவு ஜப்பானியர் காற்றுப்புழைகள் வழியே கையெறி குண்டு போட்டார்கள். இன்று அதே புழைகளில் பீர் பாட்டில் விழுகிறது, முன்னேற்றந்தான்! அரணைப் பிடித்த படை சுவரில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுப் போனது. நீங்கள் எதைப் பிடித்தீர்களென்று பக்கத்தில் பெயர் எழுதுகிறீர்கள்?

கோபம் மிஞ்சிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: எழுத்துகள் மேல் எதையும் பூசாதீர்கள். அடுத்த நடையில் புதிதாக வருகிறவர்களிடம் வாசலிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். அந்தச் சிவப்பை நீங்களே சுரண்டி எடுக்கவும் தயவுசெய்து முயல வேண்டாம்.