நோட்டீஸ் அனுப்பும் முன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் தொழில் கூட்டாளியான தோழிக்கு அனுப்பவிருக்கும் வக்கீல் நோட்டீஸின் நகலை நிதானமாகப் படித்தேன். ஆங்கிலம் நன்றாக இருக்கிறது; கோபம் அதைவிட நன்றாகத் தெரிகிறது. போனில் பேசினால் பாதியிலேயே "சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

"நேராக நீதிமன்றம்தான், பேச்சுக்கே இடமில்லை" என்கிறாய். சட்டம் அந்தக் கதவை உனக்கு அப்படித் திறந்து வைக்கவில்லை. கூட்டுத்தொழில் ஒப்பந்தத்தில் எழுந்த தகராறு, மதிப்பும் மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாதது என்றால் அது வணிக வழக்கு. வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் 2018இல் சேர்த்த 12ஏ பிரிவின்படி, அவசர இடைக்கால உத்தரவு கேட்காதவர்கள் முதலில் சமரசத்துக்கு, அதாவது சமரசர் என்ற நடுநிலையாளர் முன் பேசித் தீர்த்துக்கொள்ளும் முயற்சிக்கு, போய்வர வேண்டும். போகாமல் தாக்கல் செய்தால் வழக்குரையையே, அதாவது பிராதையே, நிராகரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்புக்கு ஒரு தடை மனுவைச் சேர்த்துத் தப்பிக்கலாம் என்று யாராவது உனக்கு யோசனை சொல்லக்கூடும். கேட்காதே. அந்த அவசரம் மெய்யா வேஷமா என்பதை நீதிபதி வழக்குரையை முழுதாகப் படித்துப் பார்க்கலாம் என்று 2023இல் தீர்ப்பு வந்திருக்கிறது. உன் தோழி இயந்திரங்களை விற்கப் பார்க்கிறாள் என்பதற்குக் கையில் ஆதாரம் இருந்தால் மட்டும் கதை வேறு. அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் தடை உத்தரவு கேள்.

சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்பதற்காகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வராதே என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சிவில் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளோடு காலம் கழித்தவன் நான். நீதிபதியால் பிராதில் கேட்டதைத்தான் கொடுக்க முடியும். கேட்காததைக் கொடுக்க மனமிருந்தாலும் அவருக்கு வழியில்லை. உன் நோட்டீஸில் என்ன கேட்டிருக்கிறாய்? கணக்குத் தீர்ப்பது, பாக்கித் தொகை, வட்டி. நீ என்னிடம் புலம்பியது என்ன? நிறுவனத்தின் பெயர் யாருக்கு, நீ வரைந்த டிசைன்களை அவள் இனித் தொடக் கூடாது, பழைய வாடிக்கையாளர்களுக்கு இருவர் பெயரிலும் ஒரே கடிதம் போக வேண்டும், தையல் பிரிவுப் பெண்கள் வேலையிழந்து நிற்கக் கூடாது. இவற்றில் பாதியை எந்தத் தீர்ப்பாணையிலும் எழுதி வாங்க முடியாது. சமரச ஒப்பந்தத்தில் எல்லாவற்றையும் எழுதலாம். தீர்ப்பாணை வந்தால்கூட அது முடிவல்ல. அப்பீல் உண்டு, அதற்குப் பிறகு தீர்ப்பைச் செயல்படுத்தக் கேட்கும் நிறைவேற்று மனு என்று ஒன்று உண்டு. ஜெயித்தவர்கள் அந்த மனுவோடு வாய்தா வாய்தாவாக அலைவதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நடைமுறை எளிதுதான். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்க வேண்டும். எதிர்த்தரப்புக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்புவார்கள். அவள் வரவே மறுத்தால் அதைக் குறித்து அறிக்கை தந்துவிடுவார்கள். அதை இணைத்து வழக்குப் போட்டுக்கொள்ளலாம். வந்தால், 2018 திருத்தம் வகுத்த கெடு மூன்று மாதம். இருவரும் சம்மதித்தால் இன்னும் இரண்டு மாதம். இந்தக் காலம் காலவரையறைச் சட்டக் கணக்கில் சேராது என்பதால், நாள் கடந்து உரிமை போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். கையெழுத்தாகும் உடன்பாடு நடுவர் தீர்ப்புக்குச் சமம். நாளை அவள் மீறினால், புதிதாக வழக்குப் போடாமல் அதையே நிறைவேற்றக் கேட்கலாம்.

சமரசர் உங்கள் இருவரையும் சேர்த்தும் பார்ப்பார், தனித்தனியாகவும் பார்ப்பார். தனியாகச் சொன்னதை உன் அனுமதியின்றி மறுபக்கம் கொண்டுபோக மாட்டார். அங்கே பேசியதைப் பின்னால் நீதிமன்றத்தில் சாட்சியமாக்கவும் முடியாது. அதனால் அந்தத் தனிச் சந்திப்பை வீணாக்காதே. உன் கடைசி எல்லை எது, எதை விட்டுக்கொடுத்தால் உனக்கு உண்மையில் நஷ்டமில்லை என்பதை அவரிடம் மட்டும் சொல்லிவிடு. வெறும் கையோடும் போகாதே. ஆடிட்டரிடம் கடைசி மூன்று ஆண்டுக் கணக்கை வாங்கிக்கொள். வழக்கு நடத்தினால் உனக்கு என்ன செலவாகும், எத்தனை ஆண்டு போகும் என்று வக்கீலிடம் எழுத்தில் கேள். அவர் முகம் கொஞ்சம் மாறும், பரவாயில்லை.

இணக்கத் தீர்வு என்று 1996ஆம் ஆண்டு நடுவர் தீர்ப்பு மற்றும் இணக்கத் தீர்வுச் சட்டத்தில் தனியாக ஒன்று இருக்கிறதே, அது என்ன என்று கேட்டிருந்தாய். அதில் இணக்குநர் தாமே ஒரு தீர்வை எழுதி இரு தரப்பின் முன்பும் வைக்கலாம். சமரசர் பெரும்பாலும் உங்கள் வாயிலிருந்தே அதை வரவழைப்பார். 2023ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம் இரண்டையும் ஒரே வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது, அதனால் பெயரில் சிக்கிக்கொள்ளாதே. உனக்கு, யோசனை சொல்லாமல் பொறுமையாகக் கேட்கிறவர் கிடைத்தால் நல்லது. யார் யோசனை சொன்னாலும் அதை எதிர்ப்பது உன் சுபாவம்.

இது ஏதோ புதுப் பழக்கம் என்றும் எண்ணாதே. வழக்கை நீதிமன்றமே சமரசம் போன்ற வழிகளுக்கு அனுப்ப இடம் தரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவு 2002இலேயே நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் நம் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார். அந்த வழக்கிலிருந்தே சமரசத்துக்கான மாதிரி விதிகள் பிறந்தது வேடிக்கை. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே அதுதான் முதல். பேச்சு முறிந்து வழக்குப் போட்ட பிறகும் வழி மூடிவிடாது. நடுவில் சமரசமானால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியில் தாங்களாகவே பேசி முடித்தவர்களுக்கும் அது உண்டு என்பதை எதிர்த்து உயர் நீதிமன்ற நிர்வாகமே மேல்முறையீடு செய்தது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. எங்கள் அலுவலகத்துக் கணக்குப் பிரிவு ஆட்களுக்கு அது ரசித்திருக்காது.

உன் தோழியின் அம்மா போன வாரம் என்னிடம் பேசினார். நான் எந்த வாக்கும் கொடுக்கவில்லை, நலம் விசாரித்ததோடு சரி. நீங்கள் இருவரும் எங்கள் மூலமாகப் பேச வேண்டாம். பெற்றவர்கள் நடுவில் வந்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

நோட்டீஸில் நான்காவது பத்தியை மட்டும் மாற்றச் சொல். அதில் "மோசடி", "போலிக் கையெழுத்து" என்று வருகிறது. அப்படி நடந்ததாக நீ என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. கடுமையான மோசடி, போலி ஆவணக் குற்றச்சாட்டு உள்ள வழக்குகள் பொதுவாகச் சமரசத்துக்கு ஏற்றவை அல்ல என்று 2010இலேயே உச்ச நீதிமன்றம் பட்டியல் போட்டுச் சொல்லியிருக்கிறது. அந்த இடத்தில் "கணக்கு ஒப்படைக்கப்படவில்லை" என்று எழுதினால் போதும். திருத்திய நகலைத் திங்களுக்குள் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா